மாட்டியவரே கழற்ற வேண்டும்

எங்கள் சூப்பர்வைசரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்து அழுவோம் என்று நினைத்து யாரும் படிக்க வேண்டாம். அவர் என் கழுத்தில் மாட்டிய சிவப்பு அட்டை இன்னும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அது தொங்கும்வரை அவருக்கு மாதா மாதம் நிம்மதி இருக்காது. அதை நினைத்தால் எனக்கு நன்றாகப் பசிக்கிறது.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிரஸ் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். தகட்டை உள்ளே வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். மேலேயிருந்து மெஷின் இறங்கி ஒரே குத்து குத்தும். தகடு ஏதோ ஒரு கார் பாகமாக வெளியே வரும். எந்தக் காரில், எந்த மூலையில் அது உட்காரும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு அதெல்லாம் யாரும் சொல்வதில்லை. வீடு ஆரம்பாக்கம். அம்மா, அக்கா, நான். ஒரு காலத்தில் எங்கள் குடும்பம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டது. இப்போது அடுத்தவர் கம்பெனியில் தகடு குத்துகிறது.

லைனில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. யாரும் கொடுக்காத வேலை. எல்லாரையும் கலாய்ப்பது. அதிலும் சூப்பர்வைசர் என்றால் எனக்கு விருந்து. பேன்ட்டை மார்புவரை ஏற்றிக்கொண்டு, ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாத்து மாதிரி நடப்பார். அவர் முன்னால் போனால் பின்னால் இன்னொரு வாத்து போகும். அவர் திரும்பினால் நான் தகட்டைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

காலையில் ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லாரும் வரிசையில் நின்று பாதுகாப்பு உறுதிமொழி சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்வோம். அதில் அவருக்கு உயிரான விதி ஒன்று உண்டு. மெஷின் ரிப்பேர் என்றால், பார்த்தவர் 'டேக்' என்கிற சிவப்பு அட்டையில் காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு, மெஷினில் மாட்ட வேண்டும். அட்டை தொங்கும்வரை அதை யாரும் ஓட்டக் கூடாது. மாட்டியவரே வந்து, ரிப்பேர் சரியாகிவிட்டதா என்று கேட்டு, ஆமாம் என்ற பிறகுதான் கழற்ற வேண்டும். வேறு யாராவது கழற்றினால் அன்றே வேலை காலி. ஒருத்தன் கை உள்ளே இருக்கும்போது இன்னொருத்தன் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சுவரிலும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்: மாட்டியவரே கழற்ற வேண்டும்.

போன மழைக்காலம் முடிந்த சமயத்தில் எனக்கு அது வந்தது. எப்போது வந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஜுரம் மாதிரி ஒரு நாளில் வரவில்லை. முதலில் போன் சார்ஜ் தீர்ந்தது. மறுபடி சார்ஜ் போடவில்லை. அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பு காகிதம் மாதிரி இருந்தது. பல் தேய்க்கும் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ரயில் வரும், ஆட்கள் ஏறுவார்கள், ரயில் போகும். எழுந்திருக்க வேண்டும் என்று தெரியும். கால் வேறு யாருடையதோ மாதிரி கிடக்கும்.

சோகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சோகமாக இருந்தால் அழலாம், பாட்டு கேட்கலாம், தாடி வளர்க்கலாம். இது அப்படி இல்லை. உள்ளே யாரோ மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போன மாதிரி. வாத்து நடை நடந்தால் எல்லாரும் சிரிப்பார்கள் என்று தெரியும். ஆனால் எதற்கு நடக்க வேண்டும் என்று தெரியாது.

பக்கத்து பிரஸ்ஸில் நிற்கும் என் நண்பன்தான் முதலில் கேட்டான்.

"இன்னா மச்சி, மூஞ்ச தொங்க போட்டுகினே கீற? எவளாவது கழட்டி வுட்டுட்டாளா?"

"மாட்டுனாதானடா கழட்டி வுடறதுக்கு."

"ஊட்ல சண்டையா?"

"இல்ல."

"சரக்கு ஓவரா பூட்ச்சா?"

"நீ வாங்கி குட்த்தாதான."

"பின்ன இன்னாதாண்டா ஒன் பேஜாரு?"

"தெர்ல மச்சி."

அந்தத் 'தெர்ல'தான் யாருக்கும் பிடிக்கவில்லை. காதலித்துத் தோற்றேன் என்று சொல்லியிருந்தால் லைனே எனக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கும். காரணம் இல்லாமல் ஒருவன் படுத்துக்கிடந்தால் அவனுக்குக் கொழுப்பு. அம்மா மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வந்தது. எனக்கு இருமல் வந்தது. அது மட்டும் போகவில்லை.

அக்கா பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறாள். அவள் என்னைச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் நர்ஸம்மாவிடம் ஒரு நாள் வாசலில் நின்று ரொம்ப நேரம் பேசினாள். பிறகு உள்ளே வந்தாள்.

"நாளிக்கி திருவள்ளூர் பெரியாஸ்பத்திரி போறோம். எந்திரிச்சி குளி."

"குளிச்சாதான் இட்டுகினு போவியா?"

"குளிக்கலன்னாலும் இஸ்துகினு போவேன். பஸ்ல பக்கத்துல உக்கார்றவங்கதான் பாவம்."

ஆரம்பாக்கத்திலிருந்து திருவள்ளூர் போவது என்பது பாதிப் பகலைத் தின்னும் வேலை. கும்மிடிப்பூண்டி வந்து, பஸ் மாறி, பெரியபாளையம் சுற்றிப் போக வேண்டும். வழி முழுக்க அக்கா ஜன்னலைப் பார்த்தாள். நான் கம்பியைப் பார்த்தேன்.

மனநலப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர் மாதிரி இருந்தார்.

"என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல டாக்டர். நானும் ஒண்ணும் பண்ணல. அதான் இட்டாந்துட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. தூக்கம், சாப்பாடு, வேலை, முன்பு பிடித்தது இப்போது பிடிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு அதே குரலில், "உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?" என்று கேட்டார்.

பக்கத்தில் அக்கா. பொய் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "சில நேரம் தோணுது" என்று வந்துவிட்டது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அது வலித்தது. டாக்டர் பதறவில்லை, திட்டவில்லை, சாமி பெயர் எதுவும் சொல்லவில்லை. "சொன்னது நல்லது. மறுபடி தோணுச்சுன்னா அக்காகிட்ட அப்பவே சொல்லணும். தனியா இருக்காத. எந்நேரமா இருந்தாலும் இங்க வந்துடணும்" என்றார். அக்காவிடமும் அதையே சொன்னார். அந்த வார்த்தையை வெளியே சொன்ன பிறகு, இவ்வளவு நாள் நான் மட்டும் தூக்கிய மூட்டையில் ஒரு முனையை வேறு யாரோ பிடித்த மாதிரி இருந்தது.

"பைத்தியமா டாக்டர்?"

"இல்ல. மனச்சோர்வு. இதுக்கு மருந்து இருக்கு. அம்மாவுக்கு சர்க்கரைன்னு சொன்னல்ல? அவங்ககிட்ட போய் 'தைரியமா இரு, சர்க்கரை இறங்கிடும்'னு யாராவது சொல்வாங்களா?"

"எங்க ஊர்ல சொல்வாங்க டாக்டர்."

அப்போது சிரித்துவிட்டார். மாத்திரை எழுதினார். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், ஆரம்பத்தில் வாய் உலரும், மயக்கமாக இருக்கும், மாதம் ஒரு வியாழக்கிழமை வந்து காட்டி அடுத்த மாதத்துக்கு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். "அதுவரைக்கும் இது உன்கிட்ட பேசிக்கிட்டே இருக்கும். படுத்துக்கோன்னு சொல்லும். யார்கிட்டயும் பேசாதன்னு சொல்லும். நீ எதுக்கும் லாயக்கில்லன்னு சொல்லும். அது சொல்றதுக்கு எதிரா தினமும் சின்னதா ஒண்ணு செய். பெருசா வேணாம்."

"அத்த பழி வாங்க சொல்றீங்க."

"எப்படி வேணா வச்சுக்கோ. மாத்திரையை மட்டும் விடாத."

எனக்குப் புரிகிற பாஷை அதுதான். என்னை யாராவது சீண்டினால் திருப்பிச் சீண்டாமல் நான் வீடு போனதில்லை. அது படுத்துக்கொள் என்றது. உட்கார்ந்தேன். குளிக்காதே என்றது. ஒரு சொம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "இப்ப இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன். வெளியே அம்மா யாரிடம் பேசுகிறான் என்று பயந்துபோய்க் கதவைத் தட்டினாள். சாப்பிடாதே என்றது. ருசியே இல்லாமல் இரண்டு இட்லியை மென்று விழுங்கினேன். யாரோடும் பேசாதே என்றது. நண்பனுக்குப் போன் போட்டேன். பேச ஒன்றும் இல்லை. அவன் சண்டே மேட்ச் கதை சொன்னான். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. ஆனாலும் போனை வைக்கவில்லை.

சில நாள் அதுதான் ஜெயித்தது. சுவர் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தேன். அந்த நாட்களில் பல் மட்டும் தேய்த்தேன். அக்கா மாத்திரையை நீட்டுவாள், விழுங்குவேன். அவ்வளவுதான் என் பங்குச் சண்டை.

அடுத்த மாத வியாழக்கிழமை நெருங்கியபோது மாத்திரை தீரும் நிலையில் இருந்தது. சூப்பர்வைசரிடம் லீவு கேட்கப் போனேன். வயிற்றுப்போக்கு என்று சொன்னால் உடனே கொடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். "நீ இன்னா திருடனா பொய் சொல்றதுக்கு? இருக்கறத சொல்லு" என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள்.

"சார், வியாழக்கெழம லீவு வேணும். ஆஸ்பத்திரி."

"ஒடம்புக்கு இன்னா?"

"ஒடம்புக்கு இல்ல சார். மனசுக்கு. மனச்சோர்வுன்னு டாக்டரு சொல்லி மாத்திர குட்த்துகிறாங்க."

அவர் நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். "மனசுக்கா? ஏன் நைனா, மனசுக்கெல்லாம் லீவு குட்த்தா, என் பொண்டாட்டியோட குடும்பம் நடத்துறதுக்கு எனக்கு வருஷம் பூரா லீவு குடுக்கணுமே!"

அங்கே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் பதில் நாக்குவரை வந்தது. வெளியே வரவில்லை. அந்தச் சமயத்தில் என் நாக்கு அப்படித்தான் இருந்தது. அந்தப் பதிலை இங்கே எழுதிவிடுகிறேன், அவர் படிக்கட்டும்: "லீவு ஒங்களுக்கு இல்ல சார், ஒங்க ஊட்டம்மாவுக்குதான் குடுக்கணும்."

"ஆளு கம்மி. வியாழக்கெழம வரலன்னா வெள்ளிக்கெழம கேட்டுலயே நின்னுக்கோ. உள்ள வராத" என்றார்.

மாத்திரையா, வேலையா. மாத்திரையை விட்டால் அம்மா மறுபடி அடுப்பில் மிளகாய் போடுவாள்; வேலையை விட்டால் அடுப்பில் போட ஒன்றும் இருக்காது.

மறுநாள் காலை உறுதிமொழி முடிந்தது. சூப்பர்வைசர் கலையச் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தார். "ஒரு நிமிஷம். நம்ம லைன்ல ஒரு மெஷின் மக்கர் பண்ணுது" என்று சொல்லி, அட்டையின் கயிற்றை என் தலை வழியாகப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டார். அதில் அவர் கையால் எழுதியிருந்தது: 'காரணம்: சோக வியாதி.' கீழே வழக்கமான வளைந்த கையெழுத்து.

லைன் சிரித்தது. நண்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கையை நீட்டி அதைக் கழற்ற வந்தான். அப்போது எனக்குள்ளே ஒன்று நடந்தது. காதுக்குப் பின்னால் சூடாக ஏதோ ஏறியது. என்னவென்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. கோபம். எத்தனையோ நாளாக எதுவுமே இல்லாத இடத்தில் சுடச்சுடக் கோபம். பழைய ஸ்நேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது.

"தொடாத மச்சி. மாட்னவருதான் கழட்டணும்."

என் பிரஸ்ஸுக்குப் போனேன். கையுறை போடவில்லை. பட்டனைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் தகடு வராததால் எனக்கு அடுத்த பிரஸ் நின்றது. அதற்கு அடுத்ததும் நின்றது. சூப்பர்வைசர் வாத்து நடையில் வந்தார்.

"இன்னாடா புடுங்கினு நிக்கிற? ஓட்டு."

"டேக் போட்டுகிது சார். டேக் போட்டத ஓட்டக் கூடாது."

"கழட்டி கடாசிட்டு ஓட்றா!"

"நான் கழட்டுனா வேல காலி சார். செவுத்துல எழுதி போட்டுகிறீங்க."

அவர் அப்போதே கையை நீட்டிக் கழற்றியிருக்கலாம். ஒரு நொடி வேலை. ஆனால் லைனே பார்த்துக்கொண்டிருந்தது. என் முன்னால் கை நீட்டினால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார் போல. "எவ்ளோ நேரம் நிக்கிறன்னு நானும் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டோர் பக்கம் போய்விட்டார். அவர் மறந்தது ஒன்று. எங்கள் பாகத்தை வாங்கும் கார் கம்பெனியிலிருந்து அன்றைக்குத்தான் ஆட்கள் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். அதற்காகத் தரையில் மஞ்சள் கோடெல்லாம் புதிதாக அடித்திருந்தார்கள்.

அவர்கள் எங்கள் மேனேஜரோடு வந்தபோது மூன்று பிரஸ் சும்மா நின்றது. வந்தவர்களில் வெள்ளை ஹெல்மெட் போட்ட ஒரு மேடம் என் முன்னால் நின்றார்.

"இந்த லைன் ஏன் ஓடல?"

"டேக் போட்டுகிது மேடம்."

மேனேஜர் மெஷினைச் சுற்றிப் பார்த்தார். "மெஷின்ல எங்கய்யா டேக்?"

"மெஷின் நல்லா கீது சார். டேக் என் மேல கீது."

மேடம் அட்டையைத் தூக்கிப் படித்தார். முகம் மாறியது. "இது யார் கையெழுத்து?"

நான் வாய் திறப்பதற்குள் நண்பன் முந்திக்கொண்டான். "எங்க சூப்பர்வைசர் சாரு மேடம். ஆஸ்பத்திரி போவணும், மனசு செரியில்லன்னு லீவு கேட்டான். அதுக்கு மாட்டி வுட்டாரு."

மைக்கில் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"சும்மா... தமாஷுக்கு மேடம்."

"டேக்ல தமாஷா?" என்று மட்டும் கேட்டார் மேடம். மேனேஜர் நெற்றியில் வேர்த்தது. கை போகிற இடம் இது. ரிப்பேர் அட்டையை விளையாட்டுக்கு மாட்டுகிறார்கள் என்று தெரிந்தால் ஆர்டர் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். "கழட்டுய்யா" என்று பல்லைக் கடித்தார்.

சூப்பர்வைசர் கையை நீட்டினார். நான் ஓரடி பின்னால் போனேன்.

"கேக்கணும் சார்."

"இன்னாடா கேக்கணும்?"

"கழட்டறதுக்கு முன்னாடி கேக்கணும் சார். டெய்லி நீங்கதான எங்கள சொல்ல வெக்கிறீங்க."

சூப்பர்வைசர் சுவரில் எழுதியிருந்ததைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்துக் கேட்டார்.

"ரிப்பேர்... சரியாயிடுச்சா?"

"இல்ல சார்."

யாரோ பின்னால் இருமினார்கள். நண்பனாகத்தான் இருக்கும்.

"வியாழக்கெழம டாக்டர பாக்கணும் சார். மாத்திர தீரப்போவுது. பாத்துட்டு வந்து சொல்றேன்."

"வியாழக்கிழமை லீவு எடுத்துக்கோ" என்றார் மேனேஜர்.

"மாசா மாசம் சார்."

"சரிடா. மாசா மாசம்."

மேடம் என்னிடம் மாத்திரை மயக்கம் தருகிறதா என்று கேட்டார். கொஞ்சம் தருகிறது என்றேன். அப்படியென்றால் பிரஸ்ஸில் நிறுத்தாதீர்கள், வேறு வேலை கொடுங்கள் என்று மேனேஜரிடம் சொன்னார். அன்றிலிருந்து எனக்குப் பேக்கிங் டேபிளில் வேலை. யோசித்துப் பார்த்தால், அதுவரை அந்தத் தலையோடு நான் பிரஸ் ஓட்டியிருக்கிறேன். என் கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று கழுத்தில் அட்டையோடுதான் ரயிலில் வந்தேன். அக்கா பார்த்தாள், கதை கேட்டாள், ரொம்ப நேரம் சிரித்தாள், பிறகு ஏன் அழுகிறோம் என்று தெரியாமல் அழுதாள். கேட்டுக்கு வெளியே கம்பெனி சட்டம் செல்லாது என்று நானே தீர்ப்பு சொல்லி, அதைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது சினிமா. வியாழக்கிழமை பஸ்ஸில் அக்கா தோளில் சாய்ந்துகொண்டேதான் போனேன். ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டுபோன அட்டையைக் காட்டினேன். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோபம் வந்தது நல்லதுதான். ஆனா கோபத்தை மாத்திரைக்குப் பதிலா சாப்பிடாத" என்றார். "இன்னொண்ணு. கொஞ்சம் நல்லா இருக்குன்னு தோணும்போது நீயா மருந்தை நிறுத்துவ. எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

"அப்ப நீங்க சொல்ற வரைக்கும் ரிப்பேர் சரியாவலன்னுதான அர்த்தம்?"

"சரி, அப்படியே வச்சுக்கோ."

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு சிவப்பு அட்டைக்கும் நம்பர் உண்டு. முறைப்படி கழற்றி ஸ்டோரில் திருப்பிக் கொடுக்காதவரை, மாட்டியவர் பெயரில் அது பாக்கி நிற்கும். ஒவ்வொரு மாத மீட்டிங்கிலும் மேனேஜர் அதைச் சத்தமாகப் படிக்கிறார். ஒவ்வொரு மாதமும் சூப்பர்வைசர் பேக்கிங் டேபிளுக்கு வருகிறார். இப்போது கொஞ்சம் மரியாதையாகவே வருகிறார்.

"இன்னா தம்பி, சரியாயிடுச்சா? குட்த்துட்டீன்னா முடிச்சி வுட்டுருவேன்."

"இன்னும் இல்ல சார். டாக்டரு கழட்ட சொல்லல."

அவர் போன பிறகு பின்னாலேயே ஒரு வாத்து போகிறது. லைன் சிரிக்கிறது. நண்பன் மட்டும் ஒரு நாள் டீக்கடையில் தனியாகக் கேட்டான்.

"மச்சி, அந்த டாக்டரம்மா பொம்பள புள்ளங்களயும் பாப்பாங்களா? என் தங்கச்சி ஒரு மாசமா ரூம வுட்டு வெளிய வர்ல."

"பாப்பாங்க. நானும் கூட வரேன். பஸ் சுத்துவழி. ஒன் தங்கச்சிக்கு குளிக்க தோணலன்னாலும் பரவால்ல, இட்டா."

இன்று காலை அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். ஒரு வாய் வைத்ததும் உப்பு அதிகம் என்று தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது. இன்னொரு வாய் வைத்துப் பார்த்தேன். உப்புதான். சொன்னேன். "துன்னறதுன்னா துன்னு, இல்லாட்டி தட்ட வெச்சிட்டு எந்திரி" என்று அம்மா திட்டினாள். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

உப்பு தெரிந்ததை டாக்டரிடம் சொல்வேன். சூப்பர்வைசரிடம் சொல்ல மாட்டேன்.